எலும்புப் புற்றுநோய் பயாப்ஸி ரிப்போர்ட்ல வர்ற புரோட்டீன் மார்க்கரை எப்படிப் படிக்கிறது, அதுல இருந்து என்ன தெரியும், என்ன தெரியாது

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த அன்னிக்கு ராத்திரி வீட்ல யாராவது ஒருத்தர் தூங்காம மொபைலை வச்சுக்கிட்டு அதுல இருக்கிற ஒவ்வொரு பேரையும் தேட ஆரம்பிச்சிடுவாங்க. எஸ்ஏடிபி2 பாசிட்டிவ்னு இருக்கே, பாசிட்டிவ்னா மோசமா, கேஐ-67 40%னு இருக்கே, அப்ப 40% உடம்புல பரவிடுச்சா, இப்படித்தான் கேள்வி வரும். நான் பேத்தாலஜி லேப்ல வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்விங்களோட கண்ணு சிவந்து வந்து நிக்கிற அப்பா அம்மாங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், அதனால நிதானமா எழுதிடலாம்னு உக்காந்தேன். பெரும்பாலும் ஆஸ்டியோசார்கோமா பத்தித்தான் எழுதுறேன், ஏன்னா பத்துல இருந்து இருபது வயசுக்குள்ள வர்ற எலும்புப் புற்றுநோய்ல அதுதான் அதிகம், பாதிக்கு மேல முட்டியைச் சுத்தித்தான் வரும், தொடை எலும்போட கீழ்ப்பக்கம், கால் எலும்போட மேல்பக்கம், அதுக்கடுத்து தோள்பட்டைக்குக் கீழ.

முதல்ல ஒண்ணை மனசுல போட்டுக்கோங்க. பயாப்ஸி ரிப்போர்ட்ல இருக்கிற புரோட்டீன் மார்க்கர்ல பெரும்பாலானது இது என்ன கட்டின்னு கண்டுபிடிக்கப் போட்டது. புள்ளை பொழைக்குமா, எத்தனை வருஷம்னு சொல்றதுக்குப் போட்டது இல்ல. இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதாலதான் பாதி பயம் வருது.

ரிப்போர்ட்டை எந்த வரிசையில படிக்கணும்

ரிப்போர்ட்டை எடுத்தா மார்க்கர் லிஸ்டுக்கு நேரா போகாதீங்க, கடைசியில இருக்கிற முடிவு வரியைப் படிங்க. அங்க கட்டியோட பேர் இருக்கும், பக்கத்துல ஹை கிரேடா லோ கிரேடான்னு இருக்கும், அதாவது கட்டி எவ்வளவு முரட்டுத்தனமானதுங்கிற அளவு, இந்த கிரேடுதான் உங்க முதல் முக்கியமான தகவல். வழக்கமான ஆஸ்டியோசார்கோமா ஹை கிரேடு, அதுக்கு கீமோவும் ஆபரேஷனும் ரெண்டும் வேணும். பாராஸ்டியல் ஆஸ்டியோசார்கோமான்னு ஒண்ணு இருக்கு, முட்டிக்குப் பின்பக்கம் எலும்பு மேல ஒட்டிக்கிட்டு மெதுவா வளரும், அது லோ கிரேடு, பெரும்பாலும் ஆபரேஷன் மட்டுமே போதும், சுமார் 90% பேர் நல்லா இருக்காங்க. ரெண்டுக்கும் பேர்ல ஆஸ்டியோசார்கோமாங்கிற வார்த்தை இருக்கு, ஆனா பாதை முழுசா வேற. இன்டர்நெட்ல படிக்கிறப்ப எதைப் பத்திப் படிக்கிறீங்கன்னு பார்த்துக்கோங்க.

அப்புறம்தான் இம்யூனோன்னு எழுதியிருக்கிற பகுதி, புரோட்டீன் மார்க்கர் எல்லாம் அங்கதான் இருக்கும். எஸ்ஏடிபி2ன்னா எலும்பை உருவாக்குற செல்லோட அடையாளம், ஆஸ்டியோசார்கோமால பெரும்பாலும் பாசிட்டிவா வரும், சாதாரண எலும்புக் கட்டிலகூட வரும், அதனால அது பாசிட்டிவ்னா பயப்படவும் வேண்டாம், நெகட்டிவ்னா சந்தோஷப்படவும் வேண்டாம். எம்டிஎம்2, சிடிகே4 ரெண்டும் பாசிட்டிவ்னா நான் மேல சொன்ன லோ கிரேடு வகையா இருக்கலாம்னு ஒரு துப்பு, அதனால இங்க பாசிட்டிவ்ங்கிறது பல சமயம் நல்ல செய்தி. சிடி99ம் என்கேஎக்ஸ்2.2ம் சேர்ந்து நல்லா பாசிட்டிவா வந்திருந்தா யூயிங் சார்கோமாங்கிற இன்னொரு வகைப் புற்றுநோய் பக்கம் யோசிப்பாங்க, ஆனா இந்த ரெண்டு மார்க்கரை மட்டும் நம்பி முடிவு பண்ண மாட்டாங்க, இடபிள்யூஎஸ்ஆர்1 ஜீன் உடைஞ்சு வேற ஜீனோட சேர்ந்திருக்கான்னு ஃபிஷ் டெஸ்ட்லயோ வேற மாலிக்யூலர் டெஸ்ட்லயோ பார்த்துட்டுத்தான் சொல்வாங்க. எச்3.3 ஜி34டபிள்யூ பாசிட்டிவ்னா அது ஜெயன்ட் செல் ட்யூமரா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், அது பெரும்பாலும் புற்றுநோய் வகையிலயே வராது, அந்த இடத்துல எலும்பை அரிக்கும், திரும்ப வரும், ஆனா வேற கதை. பிராக்கியூரின்னு ஒரு மார்க்கர் பாசிட்டிவா இருந்தா கார்டோமாங்கிற கட்டி, அது முதுகுத்தண்டு, இடுப்புக்குப் பின்னால இருக்கிற எலும்பு, மண்டையோட அடிப்பக்கம் இங்கெல்லாம் வர்றது.

கேஐ-67ங்கிறது பிரிஞ்சுக்கிட்டு இருக்கிற செல் எத்தனை சதவீதம்ங்கிற கணக்கு. நூறு கட்டி செல்லை எண்ணினா அதுல எத்தனை அந்த நேரத்துல வளர்ச்சிச் சுழற்சியில இருக்குங்கிறது மட்டும்தான், உடம்புல பரவுனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மார்பகப் புற்றுநோய்ல இதை வச்சு சில முடிவு எடுப்பாங்க, ஹை கிரேடு ஆஸ்டியோசார்கோமால இந்த நம்பரை வச்சு ட்ரீட்மென்ட்டை மாத்துறது இல்ல.

பாசிட்டிவ்னு எப்படி முடிவு பண்றோம்

இது தெரிஞ்சா அந்த வார்த்தை மேல இருக்கிற பயம் கொஞ்சம் குறையும். பயாப்ஸி துண்டை மெழுகு பிளாக்ல வச்சு மூணு நாலு மைக்ரான் தடிமன்ல சீவி கண்ணாடி ஸ்லைடுல ஒட்டுவோம். எந்தப் புரோட்டீன் வேணுமோ அதுல மட்டும் போய் ஒட்டுற ஆன்டிபாடியை ஊத்தி, அது ஒட்டின இடத்துல பழுப்பு நிறம் வர்ற மாதிரி கெமிக்கல் போடுவோம், மத்த செல் எல்லாம் நீலமா தெரியும். பழுப்பு வந்தா மட்டும் போதாது, எங்க வந்திருக்குங்கிறதுதான் விஷயம். எஸ்ஏடிபி2 செல்லோட நடுவுல இருக்கிற நியூக்ளியஸ்ல வரணும், சிடி99 செல்லோட ஓரத்துல கோடு போட்ட மாதிரி சுத்தி வரணும், தப்பான இடத்துல பழுப்பு வந்தா அதை நாங்க பாசிட்டிவ்னு எடுத்துக்க மாட்டோம்.

எலும்புல இன்னொரு சிக்கல், அது கல்லு மாதிரி இருக்கும், சீவ முடியாது, அதனால ஆசிட்ல ஊறப்போட்டு சுண்ணாம்புச் சத்தை எடுக்கணும். அந்த ஆசிட் புரோட்டீனையும் டிஎன்ஏவையும் கெடுத்துடும், ரொம்ப நேரம் ஊறுனா உண்மையிலேயே இருக்கிற மார்க்கர்கூட நெகட்டிவ்னு காட்டும், ஜீன் டெஸ்ட் ஃபெயிலாகும். இடிடிஏன்னு ஒரு கரைசல் இருக்கு, மெதுவா வேலை செய்யும் ஆனா சேதம் கம்மி. அதனால பயாப்ஸிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேட்டுடுங்க, "கட்டியில சதை மாதிரி மெத்துன்னு இருக்கிற பகுதியை ஆசிட்ல போடாம தனியா ஒரு பிளாக் எடுத்து வைப்பீங்களா"ன்னு. நல்ல சென்டர்ல கேக்காமலே செய்வாங்க, கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்க. பின்னாடி ஏதாவது ஜீன் டெஸ்ட் தேவைப்பட்டா அந்த ஒரு பிளாக்தான் காப்பாத்தும், திரும்ப ஊசி குத்த வேண்டிய நிலைமை வராது.

இன்னொண்ணு, எந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணப் போறீங்களோ அங்கயே பயாப்ஸியும் எடுக்கிறதுதான் நல்லது, ஏன்னா ஊசி போன பாதையையும் சேர்த்து அந்த சர்ஜன் பின்னாடி வெட்டி எடுக்கணும். எடம் தப்பா எடுத்த பயாப்ஸியால காலைக் காப்பாத்துற வாய்ப்பே போன கேஸ் உண்டு. கட்டு போடுறது, எண்ணெய் தேய்ச்சு நீவி விடுறது, இதெல்லாம் வீக்கம் இருக்கிற முட்டிக்கு வேண்டவே வேண்டாம், முதல்ல ஒரு எக்ஸ்ரே.

எதிர்காலம் எப்படின்னு உண்மையில சொல்றது எது

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து சேர்ந்து நடத்துற காஸ்ங்கிற ஆய்வுக்குழு 1702 பேரோட கணக்கை 2002ல வெளியிட்டாங்க, அதுல மொத்தமா பார்த்தா பத்து வருஷம் கழிச்சு சுமார் 60% பேர் உயிரோட இருந்தாங்க. கட்டி எங்க இருக்கு, எவ்வளவு பெருசு, கண்டுபிடிக்கிறப்பவே பரவியிருக்கா, கீமோவுக்கு எப்படிக் கேட்டுச்சு, ஆபரேஷன்ல முழுசா எடுக்க முடிஞ்சதா, இந்த அஞ்சும்தான் முடிவைத் தீர்மானிச்சது. கை கால்ல இருந்தா இடுப்பு எலும்புல, முதுகுல இருக்கிறதைவிட நல்லது, ஏன்னா முழுசா எடுக்க வழி இருக்கு. பரவுறதுன்னா பெரும்பாலும் நுரையீரலுக்கு, அதனாலதான் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்காம யாரும் ஆரம்பிக்க மாட்டாங்க. பரவாத நிலையில அஞ்சு வருஷ கணக்கு 60ல இருந்து 70%, முதல்லயே பரவியிருந்தா 20ல இருந்து 30% பக்கம். நுரையீரல்ல ரெண்டு மூணு இடத்துல மட்டும் இருந்து அதையும் ஆபரேஷன்ல எடுக்க முடிஞ்சவங்க நிலைமை, அங்கங்க நிறைய இருக்கிறவங்களைவிட நல்லாவே இருக்கும், அதனால "பரவிடுச்சு" அப்படிங்கிற ஒரே வார்த்தையோட எழுந்து வந்துடாதீங்க, எத்தனை இடம், எடுக்க முடியுமான்னு கேட்டுட்டு வாங்க.

இந்த லிஸ்ட்ல இம்யூனோ மார்க்கர் ஒண்ணுகூட இல்லைங்கிறதை கவனிங்க.

புரோட்டீன்னு சொல்லக்கூடியதுல நிஜமாவே ஓரளவு சேதி சொல்றது ரத்தத்துல பார்க்கிற ரெண்டு என்சைம், ஏஎல்பியும் எல்டிஎச்சும். ரெண்டும் ஆரம்பத்துல ரொம்ப அதிகமா இருந்தா கட்டியோட அளவு அதிகம், பரவுற வாய்ப்பும் கொஞ்சம் அதிகம்னு பல ஆய்வுல வந்திருக்கு. செலவு கம்மி, எந்த ஊர் லேப்லயும் பார்க்கலாம். ஆனா ஏஎல்பில ஒரு பொறி இருக்கு. பெரியவங்களுக்கு சுமார் 120 வரைக்கும் நார்மல்னு லேப் சீட்டுல அச்சடிச்சிருப்பாங்க, பதிமூணு பதினாலு வயசுல கிடுகிடுன்னு உயரமாகுற பையனுக்கு எந்த நோயும் இல்லாமலே 400 வரைக்கும் போகும், எலும்பு வளர்ற வயசுல அது இயல்பு. அந்த சீட்டுல பக்கத்துல கொட்டை எழுத்துல 'அதிகம்'னு வந்திருக்கிறதைப் பார்த்து ஆடிப்போகாதீங்க, வயசுக்குத் தகுந்த அளவு எதுன்னு கேளுங்க. ஒரு தடவை வந்த நம்பரைவிட கீமோ போகப் போக அது இறங்குதாங்கிறதுதான் பார்க்க வேண்டியது, அதனால ஒரு நோட்டு போட்டு தேதி, ஏஎல்பி, எல்டிஎச் மூணையும் எழுதிக்கிட்டே வாங்க, முடிஞ்சா ஒரே லேப்ல பாருங்க, லேப் மாறுனா நார்மல் அளவும் மாறும்.

நெக்ரோசிஸ் ரிப்போர்ட்

நெக்ரோசிஸ்னா கீமோவால கட்டி எவ்வளவு செத்திருக்குங்கிறது, என்னைக் கேட்டா நீங்க உண்மையா காத்திருக்க வேண்டிய பேப்பர் இதுதான். ஆபரேஷனுக்கு முன்னாடி சுமார் பத்து வாரம் கீமோ குடுப்பாங்க, அப்புறம் கட்டியை எலும்போட எடுப்பாங்க, அந்த எலும்பு எங்ககிட்ட வரும். அதை நீளவாக்குல ரம்பத்தால அறுத்து நடுவுல இருந்து ஒரு பலகை மாதிரி எடுப்போம், கழுவி போட்டோ எடுத்து, போட்டோ மேல கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர் குடுப்போம், அதே மாதிரி எலும்பையும் கட்டம் கட்டமா வெட்டி அந்தந்த நம்பர் டப்பாவுல போடுவோம். ஆசிட்ல நாள் கணக்கா ஊறணும். அப்புறம் பேத்தாலஜிஸ்ட் ஒவ்வொரு கட்டத்தோட ஸ்லைடையும் பார்த்து இதுல எத்தனை சதவீதம் செத்திருக்கு, எத்தனை உயிரோட இருக்குன்னு எழுதி மொத்தமா கணக்குப் போடுவாங்க. ரிப்போர்ட் ரெண்டு மூணு வாரம் இழுக்குதுன்னா இதுதான் காரணம், யாரும் தூக்கிப் போட்டுட்டு சும்மா இல்ல.

90%க்கு மேல செத்திருந்தா நல்ல ரெஸ்பான்ஸ், அதுக்குக் கீழ இருந்தா ரெஸ்பான்ஸ் கம்மி. ஹூவோஸ் கிரேடுன்னு எழுதியிருந்தா 3ம் 4ம் நல்லது, 4ன்னா உயிருள்ள கட்டி செல் ஒண்ணுகூட கண்ல படல. ஆனா 89க்கும் 91க்கும் நடுவுல மலையும் மடுவும் மாதிரி வித்தியாசம்னு நினைக்காதீங்க, கண்ணால பார்த்து மதிப்பிடுற சதவீதம் அது, ரெண்டு பேர் பார்த்தா அஞ்சு பத்து முன்னப்பின்ன வரலாம்.

ரெஸ்பான்ஸ் கம்மின்னு வந்தா எல்லாரும் கேக்கிற கேள்வி, "அப்ப மருந்தை மாத்த வேண்டாமா, அதே மருந்தையே ஏன் குடுக்கிறாங்க". இதுக்காகவே யூராமோஸ்-1ன்னு 17 நாடு சேர்ந்து பெரிய ட்ரயல் நடத்தினாங்க, 2005ல இருந்து 2011 வரைக்கும் 2260 பேரைச் சேர்த்தாங்க. ரெஸ்பான்ஸ் கம்மியா இருந்தவங்கள்ல ஒரு பாதிப் பேருக்கு ஐஃபாஸ்ஃபமைடும் எட்டோபோசைடும் கூடச் சேர்த்துக் குடுத்துப் பார்த்தாங்க, 2016ல முடிவு வந்துச்சு, கூடுதல் மருந்தால பலன் இல்ல, பக்கவிளைவுதான் அதிகம். அதனால டாக்டர் அதே மருந்தைத் தொடர்றாருன்னா அது அலட்சியம் இல்ல, ஆதாரம் பார்த்து எடுத்த முடிவு. ஆபரேஷன் ரிப்போர்ட்ல மார்ஜின்னு ஒரு வரி இருக்கும், அதையும் கேளுங்க, வெட்டின ஓரத்துல கட்டி செல் இல்லைன்னா நெகட்டிவ், இங்க நெகட்டிவ்தான் வேணும்.

இன்னொரு விஷயம், வெளிநாட்டுப் பக்கங்கள்ல மேப்ங்கிற மருந்துக் கூட்டைப் பத்திப் படிப்பீங்க, அதுல இருக்கிறது அதிக டோஸ் மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின். நம்ம புள்ளைக்கு மெத்தோட்ரெக்சேட் குடுக்கலையேன்னு பதற வேண்டாம். அந்த மருந்தை அந்த டோஸ்ல குடுக்கணும்னா ரத்தத்துல மருந்து அளவைத் திரும்பத் திரும்ப பார்க்கணும், இல்லைன்னா கிட்னி போயிடும், அதனால இந்தியாவுல பல சென்டர்ல அதில்லாத முறையைக் கையாளுறாங்க, மும்பை டாடா மெமோரியலோட ஓஜிஎஸ்-12 முறையில ஐஃபாஸ்ஃபமைடு, டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் மூணும்தான்.

புதுசா ஒரு புரோட்டீன் பத்தி ஆராய்ச்சி படிச்சா என்ன பண்றது

"இந்தப் புரோட்டீன் அதிகமா இருந்தா ஆயுசு கம்மி"ன்னு ஆஸ்டியோசார்கோமாவுல பேப்பர் குவிஞ்சு கிடக்கு, வெஜ்எஃப், எஸ்ரின், சர்வைவின், சிஎக்ஸ்சிஆர்4, பி-கிளைகோபுரோட்டீன்னு பேர் போய்க்கிட்டே இருக்கும். இதுல ஹெர்2ங்கிற புரோட்டீனோட கதையைத் தெரிஞ்சுக்கிட்டா மத்ததை எப்படிப் படிக்கணும்னு தானா புரியும். 1999ல அமெரிக்காவுல ரிச்சர்ட் கோர்லிக் குழு ஹெர்2 அதிகமா இருக்கிறவங்களுக்கு கீமோ சரியா கேக்கல, நோய் திரும்ப வருதுன்னு எழுதினாங்க, பெரிய நம்பிக்கை வந்துச்சு, ஏன்னா மார்பகப் புற்றுநோய்ல ஹெர்2வுக்கு டிராஸ்டுசுமாப்னு மருந்து ஏற்கனவே இருந்துச்சு. 2002ல ஜப்பான்ல இருந்து ஒரு பேப்பர், ஹெர்2 அதிகம் இருக்கிறவங்கதான் நல்லா இருக்காங்கன்னு நேர் எதிரா. இன்னும் சிலர் பார்த்துட்டு எங்களுக்கு செல் ஓரத்துல பழுப்பே தெரியல, உள்ளதான் தெரியுதுன்னாங்க, நான் மேல சொன்ன அதே இடப் பிரச்சினை. பரவின நிலையில இருந்தவங்களுக்கு டிராஸ்டுசுமாப் சேர்த்துக் குடுத்த ட்ரயல் 2012ல வந்துச்சு, தெளிவான பலன் இல்ல. 2014ல அதே கோர்லிக் பங்கெடுத்த பெரிய ஆய்வு, முன்கூட்டியே திட்டம் போட்டு நடத்தினது, ஹெர்2வுக்கும் முடிவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு முடிச்சது. தான் சொன்னதைத் தானே திரும்பச் சோதிச்சு வெளியிட்டாங்க பாருங்க, அந்த நேர்மை மேல எனக்கு ரொம்ப மரியாதை.

பி-கிளைகோபுரோட்டீன் கதையும் கிட்டத்தட்ட இதுதான், அது செல்லுக்குள்ள போன கீமோ மருந்தை வெளிய தள்ளுற பம்ப், அதனால அது அதிகமா இருந்தா மருந்து வேலை செய்யாதுங்கிறது கேக்கவே நியாயமா இருக்கு. இத்தாலியில பொலோன்யா ரிசோலி ஆஸ்பத்திரிக்காரங்க 1995ல அப்படித்தான் கண்டாங்க, 2000ல பல சென்டர் சேர்ந்து அந்தப் புரோட்டீனுக்கான ஜீனோட அளவைப் பார்த்தப்ப சம்பந்தம் தெரியல. இத்தாலியில மட்டும் அதை விடாம பிடிச்சு, அந்த மார்க்கரை வச்சே நோயாளிகளைப் பிரிச்சு மிஃபாமுர்டைடுங்கிற மருந்தைக் குடுத்து ட்ரயல் நடத்தியிருக்காங்க, ஆனா உலகம் பூரா வழக்கமான டெஸ்டா அது இன்னும் ஆகல.

அதனால ஒரு பேப்பர் கண்ணுல பட்டா இதைப் பாருங்க. எத்தனை நோயாளிங்க, ஐம்பது அறுபதுன்னா அது ஒரு துப்பு மட்டும்தான். பழைய பிளாக்கைத் தேடி எடுத்துப் பார்த்ததா, இல்ல முன்கூட்டியே திட்டம் போட்டு பார்த்ததா. அதிகம் கம்மின்னு பிரிக்கிற கோட்டை எங்க போட்டாங்க, ரிசல்ட் பார்த்துட்டு கோட்டை நகர்த்தினா எதை வேணும்னாலும் நிரூபிக்கலாம். பரவல், நெக்ரோசிஸ் இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டப்புறமும் அந்தப் புரோட்டீன் தாக்குப் பிடிச்சுதா. வேற ஊர் நோயாளிங்ககிட்ட வேற குழு சோதிச்சதா. இப்ப வர்ற பல பேப்பர் நோயாளியையே பார்க்காம டார்கெட்ங்கிற தொகுப்பு மாதிரி பொதுவுல கிடைக்கிற டேட்டாவை, அதுவும் நூறு பேர்கூட இல்லாததை, திரும்பத் திரும்ப அலசி எழுதினது, அதுலயும் அளந்தது புரோட்டீனை இல்ல ஆர்என்ஏவை. எலிக்குப் பண்ண ஆய்வா, நாய்க்குப் பண்ணதான்னும் பாருங்க, பெரிய சைஸ் நாய்ங்களுக்கு இதே நோய் நிறைய வரும், எஸ்ரின் பத்தின 2004 ஆய்வுல நாயும் உண்டு, ஆராய்ச்சிக்கு ரொம்ப உதவி, உங்க புள்ளையோட ஆயுசைக் கணக்குப் போட உதவாது.

பெரிய ஜீன் பேனல் டெஸ்ட் பண்ணுங்கன்னு யாராவது சொன்னா ஒரே கேள்வி போதும், "ரிசல்ட் வந்தா எந்த மருந்து மாறும்?" பதில் தெளிவா இருந்தா பண்ணுங்க, இல்லைன்னா அந்தப் பணத்தை ட்ரீட்மென்ட்டுக்கு வச்சுக்கோங்க. நோய் திரும்ப வந்தவங்களுக்கு ரெகோராஃபெனிப், கபோசான்டினிப்னு மாத்திரை குடுத்துப் பார்க்கிறாங்க, அதுக்குக்கூட எந்தப் புரோட்டீன் டெஸ்ட்டும் பாசிட்டிவ் வரணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ஒரு ஜீன் விஷயத்துல மட்டும் கஞ்சம் வேண்டாம். குடும்பத்துல சின்ன வயசுலயே மார்பகப் புற்றுநோய், மூளைக்கட்டி, சார்கோமா வந்தவங்க இருந்தாலோ, புள்ளைக்குக் குழந்தையா இருக்கிறப்ப கண்ணுல ரெட்டினோபிளாஸ்டோமாங்கிற புற்றுநோய் இருந்திருந்தாலோ டாக்டர்கிட்ட அவசியம் சொல்லுங்க. டிபி53, ஆர்பி1 ஜீன் பிறவியிலயே பழுதா இருக்கலாம், கூடப் பொறந்தவங்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கீமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேட்டே ஆக வேண்டியது ஒண்ணு இருக்கு, வயசுக்கு வந்த பையனா இருந்தா விந்தணு சேமிச்சு வைக்க முடியுமா, பொண்ணா இருந்தா கருமுட்டைக்கு என்ன வழி. பேசக் கூச்சமாத்தான் இருக்கும், அந்த அவசரத்துல யாருக்கும் தோணாது, முதல் ட்ரிப் ஏறினப்புறம் கேட்டா லேட். டாக்சோரூபிசினுக்கு எக்கோங்கிற இதய ஸ்கேன், சிஸ்பிளாட்டினுக்கு காது டெஸ்ட், ரெண்டும் ஆரம்பத்துல ஒண்ணு எடுத்து வச்சா பின்னாடி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லாம் முடிஞ்சப்புறம் முதல் ரெண்டு வருஷம் சுமார் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, மூணாவது வருஷம் நாலு மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் அஞ்சு வருஷம் வரைக்கும் ஆறு மாசம், அதுக்கு மேல வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் படமும் ஆபரேஷன் பண்ண இடத்தோட படமும் எடுப்பாங்க, சென்டருக்கு சென்டர் கொஞ்சம் மாறும். பழைய சிடி ஸ்கேனோட டிஸ்க், நெக்ரோசிஸ் ரிப்போர்ட், மெழுகு பிளாக் எங்க இருக்குங்கிற விவரம், பிளாக் நம்பர், எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வைங்க. ஆஸ்பத்திரி மாறுனா அவங்க முதல்ல கேக்கிறது ஸ்லைடும் பிளாக்கும்தான், எழுதிக் குடுத்துக் கேட்டா லேப்ல தருவோம்.